விடையைச் சொல்லாமல் நிறுத்திய படம்

 

போன மாதம் முழங்கால் வலியைப் பற்றி எழுதியபோது, "டீச்சர், அடுத்த தடவை ஏதாவது சுவாரஸ்யமா எழுதுங்க" என்று ஒரு மாணவி கமெண்ட் போட்டிருந்தாள். அவளுக்காக இந்த முறை சினிமா. அதுவும் கொலைப் படம். கொஞ்சம் நீளமாகப் போகும். சாப்பிட்டுவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். 1999-2000ஆம் ஆண்டில் என்னிடம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள்.

மே மாத விடுமுறைக்கு மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். பத்தாம் வகுப்பு போகப் போகிறவன். ராக்கெட், விண்கலம், செவ்வாய் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. ஒருநாள் சாயங்காலம் சீரியலை மாற்றிவிட்டு, "அம்மாச்சி, இன்னைக்கு நான் சொல்ற படம்தான்" என்று யூடியூபில் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டான். பெயர் 'மர்டர் இன் ஸ்பேஸ்'. விண்வெளியில் கொலை. தியேட்டருக்காக எடுத்த படம் இல்லை, டி.வி.யில் போடுவதற்கென்றே 1985இல் எடுத்தது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து தயாரித்தது. இயக்கியவர் ஸ்டீவன் ஹில்லியர்ட் ஸ்டெர்ன்.

கதை இதுதான். செவ்வாய்க்குப் போய்விட்டு பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது 'கானஸ்டோகா' என்ற விண்கலம். உள்ளே பல நாட்டு ஆட்கள். அமெரிக்கர் உண்டு, ரஷ்யர் உண்டு. ஒருவர் கொலை செய்யப்படுகிறார். அதோடு நிற்கவும் இல்லை. கொலை செய்தவரும் உள்ளேதான் இருந்தாக வேண்டும், வேறு எங்கே போக முடியும்? பூமியில் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் ஒரு பெரியவர் இங்கிருந்தபடியே துப்புத் துலக்குகிறார். அந்த வேடத்தில் வில்ஃபோர்ட் பிரிம்லி என்ற நடிகர். வெள்ளை மீசை வைத்த, நம் பெரியப்பா மாதிரி முகம். கலத்தின் கேப்டனாக மைக்கேல் ஐரன்சைட். மார்ட்டின் பால்சம் என்ற மூத்த நடிகரும் இருக்கிறார். இன்றைக்கு வருகிற விண்வெளிப் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் செலவு குறைவான படம் என்று தெரிந்துவிடும். பேச்சுதான் அதிகம். ஆனால் எனக்குப் பேச்சு அதிகமுள்ள படம்தான் பிடிக்கும், காது கொடுத்துக் கேட்டால் போதும், கண்ணாடியைத் தேட வேண்டாம்.

படத்தைவிட எனக்குப் பிடித்தது அதை ஒளிபரப்பிய விதம். 1985 ஜூலையில் அமெரிக்காவில் 'ஷோடைம்' சேனலில் முதலில் போட்டபோது, கொலையாளி யார் என்று சொல்லாமலேயே நிறுத்திவிட்டார்களாம். பார்த்தவர்களே யோசித்து விடை எழுதி அனுப்ப வேண்டும், சரியான விடைக்குப் பரிசு. உண்மையான முடிவைப் பிறகுதான் காட்டினார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1980இல், 'டல்லஸ்' என்ற தொடரில் ஒரு ஆளை யாரோ சுட்டுவிட்டதோடு நிறுத்தி, சுட்டது யார் என்று மார்ச்சிலிருந்து நவம்பர் வரைக்கும் அமெரிக்கா முழுக்கப் பேச வைத்திருந்தார்கள். அந்த ருசி விட்டிருக்காது. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு விடைத்தாளைப் பூட்டி வைத்துக்கொள்கிற வேலை. முப்பத்து நான்கு வருடம் நான் செய்த வேலை அதுதானே!

அந்த 1985இல்தான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு முதல் பள்ளியில் சேர்ந்தேன். அந்தக் கிராமத்தில் பஞ்சாயத்து டி.வி. ஒன்றுதான். அதிலும் ஞாயிற்றுக்கிழமை படம் போடும்போது கரண்ட் போய்விடும். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் போய் சல்யூட்-7 நிலையத்தில் தங்கித் திரும்பியிருந்தார். செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கை. எறும்பு வந்து பாதி மீசையைத் தின்றுவிட்டது. அந்தக் காலத்தில் விண்வெளி என்றால் எங்களுக்கு அந்தப் படம்தான். அங்கே போய்க் கொலை செய்வார்கள் என்று கற்பனை செய்யக்கூடத் தெரியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், கொலைக் கதைக்கு விண்கலத்தைவிட நல்ல இடம் கிடையாது. அகதா கிறிஸ்டி 1934இல் பனியில் சிக்கிய ரயிலுக்குள் கொலை வைத்தார். 1939இல் ஒரு தீவுக்குள் பத்துப் பேரை அடைத்தார். வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே ஓட முடியாது என்பதுதான் சூட்சுமம். ரயிலென்றால் இறங்கிவிடலாம், தீவென்றால் நீந்தலாம். செவ்வாயிலிருந்து வருகிற கலத்திலிருந்து எங்கே இறங்குவது? ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ ஏழு மாதம். மூச்சு விடுகிற காற்றைக்கூட அளந்து வைத்திருக்கும் இடம். நம்மில் பழைய ஆட்களுக்கு 1954இல் வந்த 'அந்த நாள்' நினைவுக்கு வரும். எஸ். பாலச்சந்தர் எடுத்தது, பாட்டே இல்லாத படம். ஒவ்வொருவர் மேலாகச் சந்தேகம் போய்ப் போய் வரும். அதையும் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். "பிளாக் அண்ட் ஒயிட்டா" என்று இழுத்தவன் கடைசியில் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

அவன் எனக்குச் சொன்ன ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஐசக் அசிமோவ் என்ற எழுத்தாளரிடம், ஜான் கேம்பெல் என்ற பத்திரிகை ஆசிரியர், அறிவியல் புனைகதையில் துப்பறியும் கதை எழுத முடியாது என்றாராம். துப்பறிகிறவர் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கருவியை எடுத்து நீட்டி, இதோ கொலையாளி என்று சொல்லிவிடலாம், வாசகன் ஏமாந்து போவான் என்பது அவர் வாதம். அசிமோவ் விடவில்லை. எதிர்காலத்தில் என்ன உண்டு, என்ன கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே நின்று புதிரை அவிழ்த்துக் காட்டினார். 1954இல் புத்தகமாக வந்த அவருடைய 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' அப்படிப்பட்ட நாவல். பத்து வருடம் கழித்து பி.பி.சி. அதை டி.வி. நாடகமாகப் போட்டது, பீட்டர் குஷிங் துப்பறிவாளர். அந்த நாடகத்தில் இப்போது சில துண்டுகள்தான் மிச்சமாம், மற்றதெல்லாம் போய்விட்டது. கையில் இருக்கிற தடயத்தை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும், இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது என்பது நல்ல விதி. இதைப் பின்னால் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பேரன் முடிவு வருவதற்கு முன் படத்தை நிறுத்திவிட்டான். 1985இல் செய்த மாதிரியே செய்வோம் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். நான், என் வீட்டுக்காரர், அவன். சீட்டை மடித்துப் பொட்டுக்கடலை டப்பாவில் போட வேண்டும். ஜெயித்தவருக்கு மறுநாள் அவர் கேட்கிற பலகாரம், செய்வது நான்தான்.

என் வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அவசரப்பட்டு முத்திரை குத்த மாட்டார். அரை மணி நேரம் யோசித்தார். பேரன் ஒரு நோட்டில் கோடு போட்டு, எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று அட்டவணையே தயாரித்துவிட்டான். நான் அரை நிமிடத்தில் ஒரு பெயரை எழுதிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொலையாளி யார் என்று இங்கே எழுத மாட்டேன், நீங்களும் பார்த்துக் கண்டுபிடியுங்கள். நான் எழுதியது தப்பு. அதை மட்டும் சொல்கிறேன்.

"அம்மாச்சி, எதை வச்சு அந்த ஆளை எழுதினீங்க?"

"மொகத்தப் பாத்தாலே தெரியலையாடா? திருட்டு முழி."

"இதெல்லாம் ஒரு ஆதாரமா? நீங்க கணக்கு டீச்சர்தானே!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு படுத்துவிட்டோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 'மொகத்தப் பாத்தாலே தெரியும்' என்ற வாக்கியத்தை நான் அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். எங்கே, எப்போது, யார் முன்னால் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது அவனிடம் கேட்டேன், விண்வெளியில் நிஜமாகவே யாரையாவது கொன்றிருக்கிறார்களா என்று. கொலை எதுவும் நடந்ததில்லை என்றான். நடந்தால் எந்த ஊர் போலீஸ் வரும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தான். 1967இல் போட்ட விண்வெளி ஒப்பந்தப்படி, கலம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் அதிகாரம்தான் அதற்குள் செல்லும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 1998இல் தனியாக ஒரு உடன்பாடு போட்டிருக்கிறார்கள், அதன்படி அவரவர் நாட்டு ஆளை அவரவர் நாடு விசாரிக்கலாம். ஆக, தாலுகா ஸ்டேஷன் எல்லைத் தகராறு அங்கேயும் உண்டு.

அப்புறம் அவன் ஒரு ஓட்டையின் கதையைச் சொன்னான்.

2018 ஆகஸ்ட் மாதக் கடைசி. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். மூன்று அமெரிக்கர், இரண்டு ரஷ்யர், ஒரு ஜெர்மானியர். எல்லோரும் தூங்கும் நேரம். பூமியில் இருந்து கவனிப்பவர்கள் நிலையத்துக்குள் காற்றழுத்தம் மெல்லக் குறைவதைப் பார்க்கிறார்கள். உடனடி ஆபத்து இல்லை என்பதால் தூங்குகிறவர்களை எழுப்பவில்லை. காலையில் எழுந்து தேடினால், நிலையத்தோடு இணைந்திருந்த சோயூஸ் எம்.எஸ்.-09 என்ற ரஷ்யக் கலத்தில் ஓட்டை. எவ்வளவு பெரியது தெரியுமா? சுமார் 2 மில்லிமீட்டர். நம் சாதத்துப் பருக்கை அகலம்கூட இருக்காது. பசை வைத்து அடைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் விஷயம். அந்த ஓட்டை விண்கல் பட்டு வந்தது இல்லை, துளை போடும் கருவியால் வந்தது போல இருக்கிறது என்றார்கள். தரையில் தயாரிக்கும்போது நடந்த தவறா, மேலே போன பிறகு யாராவது வேண்டுமென்றே போட்டதா? ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் தலைவரே இரண்டாவதும் இருக்கலாம் என்று வாய்விட்டார். டிசம்பரில் இரண்டு ரஷ்ய வீரர்கள் வெளியே மிதந்து போய், கலத்தின் மேலுறையைக் கத்தியால் அறுத்து ஆராய்ந்தார்கள். 2021இல் ரஷ்யச் செய்தி நிறுவனம் ஒன்று பெயர் சொல்லாத ஒருவரை மேற்கோள் காட்டி, அங்கே இருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் மேல் பழியைப் போட்டது. அவர் ஒரு மருத்துவர். நாசா அதை மறுத்து, அவர் பக்கம் நின்றது. கொலைப் படத்தில் வருவது மாதிரியே, ஆறு பேர் பூட்டிய வீடு, அதில் ஒருவரை நோக்கி 400 கிலோமீட்டர் கீழே இருந்து ஒரு விரல்.

"கடைசில யாருதான்டா போட்டது?" என்று கேட்டேன்.

"சொல்லல அம்மாச்சி. 2019லயே அந்த ரஷ்யத் தலைவர், என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டோம்னுட்டார்."

எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

'பி' பிரிவுப் பிள்ளைகளே, இனி உங்களுக்குத்தான்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். திருச்சிக்குச் சுற்றுலா போக ஏற்பாடு. கோளரங்கம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு மாதமாக உங்களை உசுப்பேற்றியவள் நான். அப்புறம் மலைக்கோட்டை, வரும் வழியில் கல்லணை. ஆளுக்கு 60 ரூபாய். கடைசி நாளில் எட்டுப் பேர் கொடுத்தீர்கள். 480 ரூபாய். ஒரு பழைய கவரில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது.

பி.டி. பீரியடுக்கு எல்லோரும் வெளியே போனீர்கள். ஒருவன் மட்டும் காலில் முள் குத்தியிருக்கிறது என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டவில்லை. நடுவில் ஏ.இ.ஓ. ஆபீஸுக்கு ஏதோ புள்ளிவிவரம் வேண்டும் என்று ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து, மதியம் இழுப்பறையைத் திறந்தால் கவர் இல்லை.

அடுத்து நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கதவைச் சாத்தச் சொன்னேன். யாரும் வெளியே போகக் கூடாது என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மொகத்தப் பாத்தாலே தெரியுதே" என்று சொன்னது நான்தான். உங்கள் எல்லோர் முன்னாலும் அவன் பையைக் கவிழ்த்தேன். அறிவியல் நோட்டின் அட்டைக்குள் நூறு ரூபாய் நோட்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. அம்மா அறுப்புக்குப் போன கூலி, மளிகைக் கடையில் கடனுக்குக் கட்டச் சொன்னாங்க என்றான். "மீதி 380 எங்கே?" என்று கேட்டேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு அறுபது. பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கொடுத்தீர்கள். என் கையால்தான் எண்ணினேன். அதில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றுகூடக் கிடையாது. எப்படி இருக்க முடியும்? அறுபது ரூபாய் கட்டுகிறவன் நூறு கொடுத்தால் நாற்பது திருப்பிக் கொடுத்திருப்பேனே. தடயம் என் கையிலேயே இருந்தது. கணக்கு டீச்சர், அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் அவன் அம்மா வந்தார்கள். சேற்றுக் காலோடு வராண்டாவில் நின்றார்கள். கூலி கொடுத்தவரைக் கூப்பிட்டு வருகிறேன் என்றார்கள். நான், "வேண்டாம், இந்தத் தடவை விட்டுடறேன்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். 480 ரூபாயை என் சம்பளத்திலிருந்து போட்டுச் சுற்றுலாவும் போய் வந்தோம். கோளரங்கத்தில் விளக்கை அணைத்து மேலே நட்சத்திரங்களைக் காட்டியபோது நீங்கள் 'ஓ' என்று கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவன் வரவில்லை. அதற்குப் பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனான். நீங்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தீர்கள். எனக்கு அது காதில் விழுந்தது. நான் தடுக்கவில்லை.

மே மாதம், ஆண்டு முடிந்து பதிவேடுகளைக் கட்டி வைக்கும்போது, வருகைப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டை தளர்ந்து தொங்கியது. அதன் மடிப்புக்குள் அந்தக் கவர் இருந்தது. ஹெச்.எம். கூப்பிட்ட அவசரத்தில், பணத்தை இழுப்பறையில் விட்டுப் போக வேண்டாம் என்று நானே எடுத்துச் செருகியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். பத்து, இருபது, ஐம்பது. 480.

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "லீவு விட்டாச்சு, விடுங்க டீச்சர். இப்பப் போய்ச் சொன்னா உங்க மரியாதை என்னாவறது?" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதை அவர் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஜூனில் அவன் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தான். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "தம்பி, அந்தப் பணம் கெடச்சுடுச்சுப்பா" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றான். பஸ் வந்துவிட்டது. கிடைத்துவிட்டது என்றுதான் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. நாற்பத்தோரு பேர் முன்னால் அவனைத் திருடன் ஆக்கிவிட்டு, யாரும் இல்லாத இடத்தில், பஸ் சத்தத்துக்கு நடுவில், பாதி வாக்கியம். உங்களில் ஒருவருக்குக்கூட இன்றுவரை விடையைச் சொல்லவில்லை. அந்த டி.வி.க்காரர்களாவது சொன்ன நாளில் விடையைக் காட்டினார்கள்.

பேரன் ஊருக்குப் போன பிறகு, கடைத்தெருவில் ஒரு மாணவரிடம் கேட்டு அவன் நம்பரை வாங்கினேன். திருப்பூரில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். குரல் கேட்டதும் தெரிந்துகொண்டான். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். கவர் எங்கே இருந்தது, யார் வைத்தது, எல்லாம். மன்னித்துக்கொள் என்று கேட்டேன்.

"விடுங்க டீச்சர், அதெல்லாம் யாரு நெனச்சிக்கிட்டு இருக்கா" என்றான். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மாதான் டீச்சர், சாவுற வரைக்கும் உங்க தெரு வழியா நடக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போனாக்கூட குளத்தைச் சுத்திக்கிட்டுத்தான் போவாங்க" என்றான்.

அவர்கள் இறந்து ஏழு வருடம் ஆகிறதாம். எனக்கு அதுகூடத் தெரியாது.

எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தான். "எழுதுங்க டீச்சர். பேரு போடாதீங்க. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்." பிறகு அவனாகவே சொன்னான், போன வருடம் மகளைத் திருச்சிக் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனானாம். "நாங்க போனப்ப ஏசி ஓடல. புள்ளைக்குப் பிடிச்சிருந்துச்சு. நான்தான் பாதியில தூங்கிட்டேன்" என்று சிரித்தான். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இதை நான்கு நாளாக எழுதி எழுதி அழித்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, சினிமாவைப் பற்றிப் பாதி, இதைப் பற்றிப் பாதி என்று இருக்கிறதே என்றார். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதையும் எழுதியிருக்க மாட்டேன்.

உங்களிடம் சில வேண்டுகோள். கமெண்டில் என்னைப் பாராட்டியோ ஆறுதல் சொல்லியோ யாரும் எழுத வேண்டாம். அவன் யார் என்று மற்ற வகுப்புப் பிள்ளைகளும் உறவினர்களும் கேட்க வேண்டாம். 'பி' பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன், நான் அதில் இல்லை. யாராவது இதை அங்கே போட்டுவிடுங்கள். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறானாம், ஆனால் எதுவும் எழுதுவதில்லையாம். அங்கே இன்னும் சிலர் அவனை அந்தப் பட்டப்பெயரிலேயே கூப்பிடுவதாகவும் தெரிந்தது. இனி அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்